பாட்டு நம்முடையது, கணக்குப் புத்தகம் யாருடையது?

‘என்ஜாய் எஞ்சாமி’ என்ற பாட்டைக் கேட்காத உழைப்பாளி வீடு தமிழ்நாட்டில் உண்டா? அடி அண்ணாமலையில் நாற்று நடப் போகும் பெண்களுக்கு அது தெரியும். ஆரணியில் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்குத் தெரியும். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஞ்சாலை வாசலைத் தாண்டும் பதிலித் தொழிலாளியின் செல்போனிலும் அது ஒலிக்கிறது. 2021 மார்ச்சு மாதம் இணையத்தில் வெளியான இந்தப் பாட்டு, யூடியூபில் மட்டும் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது.

இதை எழுதியவர் அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. பாடகி தீயும் அவரும் சேர்ந்து பாடினார்கள். இசை அமைத்துத் தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன்.

சரி, 40 கோடித் தடவை ஒலித்த பாட்டுக்குக் கூலி எவ்வளவு? 2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்று ஆண்டு நிறைந்த சமயத்தில், சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார்: இந்தப் பாட்டினால் எங்களுக்கு ஒரு ரூபாய் கூட வரவில்லை என்று. பாட்டை வெளியிட்ட ‘மாஜ்ஜா’ கம்பெனி இந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதியல்ல. நாம் கேட்பது வேறு கேள்வி. உலகமே கேட்ட ஒரு பாட்டின் வரவு செலவைப் பற்றி, மூன்று வருஷம் கழித்தும் இரண்டு தரப்பு இரண்டு விதமாகப் பேசும்படி ஏன் இருக்கிறது? கணக்குப் புத்தகம் ஏன் எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் இல்லை?

ஆலையில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்து, சனிக்கிழமை கணக்கில் அளவு குறைந்திருப்பதைக் கண்ட தொழிலாளிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அதனால்தான் இந்தப் பத்திரிகையில் இதை எழுதுகிறோம்.

தெருவில் பிறந்த குரல்

அறிவு யார்? சினிமாக் கம்பெனி வாசலில் காத்துக் கிடந்து சந்தர்ப்பம் பெற்றவரல்ல. 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை ஏறிற்று. அதில் ஏறிய குழுவின் பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்றவர்களின் கூட்டு என்று பொருள். சாதி பேதமற்றவர்களே தமிழர் என்று நூறாண்டுகளுக்கு முன் எழுதிய அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து எடுத்த பெயர். டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசைக் கலைஞர் தென்மாவும் சேர்ந்து கூட்டிய அந்தக் குழுவில் கானாப் பாடகரும் இருந்தார், பறை அடிப்பவரும் இருந்தார், கிடார் வாசிப்பவரும் இருந்தார். அந்தக் குழுவில் எழுதிப் பாடியவர்களில் ஒருவர் அறிவு.

2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தொகுதியை வெளியிட்டார். 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் வந்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் மடிந்தார்களே, அவர்களில் ஒரு சின்னப் பெண் ஸ்னோலின். அவள் பேரிலேயே அந்தத் தொகுதியில் ஒரு பாட்டு உண்டு. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது அதை எதிர்த்தும் அவர் பாடினார். இட ஒதுக்கீடு, சாப்பாட்டு உரிமை, சாதிக் கொடுமை என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பாட்டுகள் இணையத்தில் ஏறின. இடையில் சினிமாவுக்கும் எழுதினார், பாடினார். 2024-ல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பாட்டியின் பெயரைத் தாங்கிய தொகுதியைக் கொண்டு வந்தார்.

இவர் பாடும் முறைக்கு ராப் என்று பெயர். தாளத்தின் மேல் பேச்சை வேகமாக அடுக்குவது. 1970-களில் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து பிராங்ஸ் பகுதியில், ஏழை நீக்ரோ இளைஞர்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பின இளைஞர்கள் தெருமுனையில் தொடங்கிய கலை இது. இன்று ராப் என்றால் கார் பங்களா பெருமை என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் பிறப்பு வேலையில்லாதவன் வீட்டுத் திண்ணையில். ஆகையால் அது அரக்கோணத்துக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. நம் வட்டாரத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே நையாண்டி செய்து அடுக்கு மொழியில் விளாசுகிறானே, அவனுக்கு இந்தக் கலை தூரத்துச் சொந்தம் என்று கூடச் சொல்லலாம்.

ஒப்பாரி எங்கிருந்து வந்தது?

‘என்ஜாய் எஞ்சாமி’யில் ஒலிப்பது ஒப்பாரியின் சாயல். அந்த ஒப்பாரி வந்த வழியை அறிவே பல தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். நிலமற்றவர்.

இந்தச் சரித்திரத்தை இளைய தோழர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகள் ஆள் பிடித்துக் கொண்டு போன ஏழைத் தமிழர்கள் அந்த மலைகளில் தேயிலை வளர்த்தார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ம் ஆண்டிலேயே, அங்கிருந்த சர்க்கார் கொண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் மறு ஒப்பந்தம் போட்டுப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். சந்தையில் ஆட்டை எண்ணிப் பிரிப்பது போல மனிதரை எண்ணிப் பிரித்தார்கள்! உனக்கு எங்கே போக இஷ்டம் என்று அந்தத் தொழிலாளியை ஒப்பந்தத்துக்கு முன்பு எவரும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கையில் ஒரு தகரப் பெட்டியோடு சிதறிப் போனார்கள். சிலர் நீலகிரித் தேயிலைக்குப் போனார்கள். சிலர் பஞ்சாலைகளில் சேர்ந்தார்கள். இதைப் படிக்கும் ஆலைத் தோழர்களில் சிலருடைய தாய் தந்தையே அப்படி வந்தவர்களாக இருக்கலாம். நிலம் வரவில்லை, வீடு வரவில்லை. கூட வந்தது பாட்டு ஒன்றுதான்.

ஆகவே அந்தப் பாட்டின் மூலதனம் எது? கம்பெனி போட்ட பணமா? ஸ்டூடியோவா? அவையும் வேண்டும்தான். ஆனால் ஆதி மூலதனம், நிலத்தையும் நாட்டையும் இழந்த கூலிப் பெண்களின் கண்ணீர். அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பற்று எழுதப்படவில்லை.

பெயர் மறையும் விதம்

கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். பெயராவது நின்றதா? 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் என்ற சங்கீதப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ என்ற இரண்டு பாட்டுகளையும் புகழ்ந்து அட்டைப் படம் போட்டது. இரண்டு பாட்டிலும் அறிவின் எழுத்து உண்டு. அட்டையில் அறிவு இல்லை! பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு அறிவின் படத்தோடு தனியாக ஓர் இணைய அட்டை வந்தது.

2022 ஜூலை 28-ல் சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் துவக்க விழா. பிரதம மந்திரியும் முதல் மந்திரியும் முன்வரிசையில் இருக்க, அந்தப் பாட்டு மேடையில் ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் கூறப்பட்டது. பாட்டு பிறந்த கதையையும் அதில் தன் உழைப்பையும் அறிவு பகிரங்கமாக எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பங்கை எழுதினார்கள். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மாதக்கணக்கில் ஏசிக் கொண்டார்கள்.

தோழர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். 2022-ல் சண்டை எதைப் பற்றி? யார் உழைப்பு அதிகம் என்பதைப் பற்றி. 2024-ல் வந்த செய்தி என்ன? மூவரில் எவருக்கும் வருமானம் வரவில்லை என்ற புகார். ஒரே தறியில் பாவு போட்டவனும் ஊடை போட்டவனும், சேலை என்னுடையது உன்னுடையது என்று வழக்காடிக் கொண்டிருக்கும்போது, சேலை விற்ற சீட்டு இருவர் கையிலும் இல்லை! பெயருக்கான நியாயம் பெரிய நியாயம். நூற்றாண்டுகளாகப் பெயர் மறுக்கப்பட்ட ஜனங்களின் பிள்ளை தன் பெயரைக் கேட்டால் அதை அகம்பாவம் என்று தள்ளுவது சாதித் திமிர். ஆனால் பெயரோடு கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

‘சுயேச்சை’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

இப்படி இணையத்தில் பாடுகிறவர்களை ‘சுயேச்சைக் கலைஞர்’ என்கிறார்கள். முதலாளி இல்லை, ஸ்டூடியோ தயவு இல்லை, செல்போன் ஒன்று இருந்தால் உலகம் உன் மேடை என்று ஆசை காட்டுகிறார்கள். இது எவ்வளவு தூரம் வாஸ்தவம்?

யூடியூபை எடுத்துக் கொள்வோம். அது கூகிள் என்ற ஏகபோகக் கம்பெனியின் சொத்து. பாட்டின் நடுவே வரும் விளம்பரத்தில் பங்கு வேண்டுமென்றால் முதலில் 1,000 சந்தாதாரர் சேர வேண்டும். 12 மாதத்தில் ஜனங்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். அதுவரை பாடுவது இலவச உழைப்பு. அந்தக் கோட்டைத் தாண்டினால், வழக்கமான வீடியோவில் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் கொடுப்பார்கள். யாருக்கு? பாடியவருக்கா? இல்லை. யார் பேரில் கணக்குத் திறந்திருக்கிறதோ அவருக்கு! ‘என்ஜாய் எஞ்சாமி’ ஏறியது பாடியவர்களின் பேரில் இருந்த கணக்கில் அல்ல, கம்பெனியின் கணக்கில். பிறகு பாடியவர், தன் பங்கைக் கம்பெனியிடம்தானே கேட்டு நிற்க வேண்டும்?

ஸ்பாட்டிஃபை என்ற கம்பெனியின் வழக்கம் வேறு. எல்லாச் சந்தாவையும் விளம்பரப் பணத்தையும் ஒரே குவியலாகக் கொட்டுகிறார்கள். கம்பெனி தன் பங்கை எடுத்த பிறகு, மிச்சத்தை எந்தப் பாட்டு எத்தனை தடவை ஒலித்தது என்ற விகிதப்படி பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுவதும் உங்கள் தெருப் பையன் பாட்டை மட்டுமே கேட்டாலும், உங்கள் சந்தா நேராக அவனிடம் போகாது, குவியலில் விழும். குவியலில் பெரும் பங்கு, அதிகம் ஒலிக்கும் பெரிய கம்பெனிப் பாட்டுகளுக்கு. 2024 முதல் இன்னொரு விதி: 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாக ஒலித்த பதிவுக்கு ஒரு காசும் இல்லை.

ஆரணித் தறிக்காரருக்கு இது நன்றாகப் புரியும். பட்டும் ஜரிகையும் முதலாளி தருகிறார். டிசைன் அவர் சொல்வது. விலை அவர் வைப்பது. தறி மட்டும் நெசவாளி வீட்டில் இருக்கிறது. அதனால் அவர் ‘சுயதொழில்’ செய்பவராம்! வாடகை, கரண்டு, மனைவி மக்கள் உழைப்பு எல்லாம் அவர் தலையில். செல்போன் வைத்திருக்கும் பாடகரும் இப்படித்தான். கருவி அவருடையது, கடன் அவருடையது, சந்தை மட்டும் அவருடையதல்ல. சந்தை எவனுடையதோ அவனே எஜமான்.

இது புதிய சூழ்ச்சியும் அல்ல

பாட்டுக் கட்டியவனைப் புறங்கையால் தள்ளுவது பழைய வழக்கம். 1957-ல் காப்புரிமைச் சட்டம் வந்தது. சினிமாவுக்கு எழுதப்பட்ட பாட்டுக்கு முதல் உரிமையாளர் படத் தயாரிப்பாளரே என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 35 ஆண்டுகள் கழித்து, 2012-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. எழுதியவரும் இசை அமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு எவருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று விதி வந்தது. கையெழுத்து வாங்கிப் பறித்தாலும் செல்லாது. பாடுகிறவருக்கும் பங்கு உண்டு என்று அதே திருத்தம் சொன்னது. இது போராடிப் பெற்ற நல்ல சட்டம். ஆனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருந்தும் களத்து மேட்டில் கூலி குறைகிறதல்லவா? சட்டம் ஏட்டில் இருக்கும். அதை எடுத்துப் பேசச் சங்கம் வேண்டும்.

நம் இயக்கத்துக்கு இதில் முன்னோர்கள் உண்டு. பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தைத் தூக்கிக் கொண்டு ஊர் ஊராகப் பாடினார். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தொழிலாளர் மத்தியில் அவர் பாடிய பாட்டு, தோழர் ரோசம்மா புன்னூசின் வெற்றிக்குத் துணை நின்றது. அவரோடு மேடையேறிய தம்பிதான் பின்னாளில் உலகறிந்த இளையராஜா. அன்று பாடியவருக்கும் கேட்டவருக்கும் நடுவே ஒரு மைக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இன்னொருவர் தோழர் எம். பி. சீனிவாசன். 1960-ல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசை அமைத்தவர். அவர் இசையோடு நிற்கவில்லை. சென்னை சினிமாக்களில் வயலினும் தபேலாவும் வாசித்து அன்றாடம் பிழைத்தவர்களைக் கூட்டி, வாத்தியக் கலைஞர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் கட்டினார். கலைஞனுக்குச் சங்கமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். வாசிப்பதும் உழைப்பு, உழைப்புக்கு ரேட்டு வேண்டும், ரேட்டுக்குச் சங்கம் வேண்டும் என்பதே அவர் காட்டிய பாதை. அந்தப் பாதையை இணையம் வரை நீட்டுவதுதான் இன்றைய வேலை.

சிலர் கேட்கும் கேள்வி

‘சினிமாவில் பாடுகிறார், அமெரிக்கா போகிறார், அவருக்கென்ன குறை? கூலிக்காரன் பிரச்னை ஆயிரம் இருக்க இது எதற்கு?’ என்று சிலர் கேட்கக் கூடும்.

பெயர் பெற்ற ஒருவருக்கே, நாடறியப் பேச முடிந்த ஒருவருக்கே இந்தக் கதி என்றால், பெயரில்லாதவர்கள் கதி என்ன என்பதே நம் கேள்வி. அடி அண்ணாமலையையே பாருங்கள். 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் நம் ஊர் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கிறார்கள். ஒலிபெருக்கியில் விடிய விடியப் பாட்டு. அதே ஊரில் சாவு வீட்டில் பறையடிப்பவருக்கும், மாரடித்து ஒப்பாரி சொல்லும் கிழவிக்கும் கிடைப்பது என்ன? வெளியூரிலிருந்து வருகிறவர் செல்போனில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினால், பார்க்கிறவர் எண்ணிக்கை ஏறுகிறது. கிழவியின் பெயர் கூட அதில் இருப்பதில்லை. நம் காலனிப் பையன்கள் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய் வந்த காசில் மைக் வாங்கி, கானாவும் ராப்பும் பாடி ஏற்றுகிறார்கள். ‘உன் பாட்டை நாங்கள் வெளியிடுகிறோம், இங்கே கையெழுத்துப் போடு’ என்று இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பாட்டை வெளியிடும் கம்பெனி எதுவானாலும், எழுதியவர், இசைத்தவர், பாடியவர் ஒவ்வொருவருக்கும் நேரடியாகக் கணக்குக் காட்ட வேண்டும். எத்தனை தடவை ஒலித்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆலையில் சம்பளச் சீட்டுக் கேட்பது போல இதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். காலவரையறை இல்லாமல் உரிமையை எழுதி வாங்குவதைத் தடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு பாட்டிலும், ஒவ்வொரு சர்க்கார் மேடையிலும், உழைத்த எல்லாருடைய பெயரும் சொல்லப்பட வேண்டும். ஒப்பாரியும் நடவுப் பாட்டும் எடுத்தாளப்பட்டால், எந்த ஊர், யார் வாயிலிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். அவருக்கும் பங்கு தர வேண்டும்.

நான்காவது, தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது. இணையத்தில் பாடிப் பிழைக்கும் ஏழைக் கலைஞர்களையும் அதில் பதிவு செய்து உதவித் தொகையும் பென்ஷனும் வழங்க வேண்டும்.

இவை கேட்டவுடன் கிடைக்கும் என்று நாம் நம்பவில்லை. தனியாகப் போய்க் கேட்பவனுக்கு ‘இஷ்டமில்லாவிட்டால் போ’ என்பதுதான் பதில். ஆகையால் பாடும் பிள்ளைகளே, ஒன்று சேருங்கள். உங்கள் கணக்கை உங்கள் பேரிலேயே திறவுங்கள். காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளித் தோழர்களே, அவர்களைக் கூத்தாடிகள் என்று ஒதுக்காதீர்கள். அவர்கள் பாடுவது உங்கள் நாற்றங்காலை, உங்கள் தறிக்குழியை, உங்கள் தாயின் கண்ணீரை.

உழுதவனுக்கு நிலம் என்று கேட்ட இயக்கம் நம்முடையது. பாடியவனுக்குப் பாட்டு என்று கேட்கவும் நமக்கே உரிமை உண்டு.

கணக்கைக் காட்டு! பெயரைச் சொல்! பங்கைக் கொடு!